மூளை ரத்தக்கசிவு: கத்திக்கு முன்பும் பின்பும்

ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்தார் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: "டாக்டர், உடனே ஆபரேஷன் பண்ணிடலாம்ல?" மூளைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றால் அதை எடுத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றுவது இயல்பு. மருத்துவர்களிலும் பலர் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டன. பெரும்பாலானவர்களுக்கு உயிரையும் கை காலையும் காப்பது, முதல் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தையும் ரத்தம் உறையும் தன்மையையும் எவ்வளவு வேகமாகச் சரிசெய்கிறோம் என்பதுதான். கத்திக்கும் இடம் உண்டு. எங்கே, எப்போது, யாருக்கு என்பதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே பேசுவது, அடிபடாமல் தானாகவே மூளைத் திசுவுக்குள் ஏற்படும் கசிவைப் பற்றி. விபத்தில் வரும் கசிவு, மூளையின் உறைக்கு அடியில் சேரும் கசிவு, ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து மூளையைச் சுற்றிப் பரவும் கசிவு ஆகியவற்றின் சிகிச்சை வேறு. சில இடங்களில் மருந்து அளவுகளைச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் குடும்பத்தாருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் என்ன நடக்கிறது என்று புரிவதற்காகத்தான் அவை. வீட்டில் யாரும் கையாள வேண்டியவை அல்ல.

ஏன் வருகிறது

முதல் குற்றவாளி பிரஷர். பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருக்கும் உயர் ரத்த அழுத்தம், மூளையின் ஆழத்துக்குள் செங்குத்தாக நுழையும் மெல்லிய தமனிகளின் சுவரைச் சிதைக்கிறது. அதனால்தான் இவ்வகைக் கசிவுகள் மூளையின் ஆழப் பகுதிகளான பேசல் கேங்லியா, தலாமஸ், மூளைத்தண்டின் பான்ஸ் பகுதி, சிறுமூளை ஆகிய இடங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

வயதானவர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. அமிலாய்டு என்ற புரதம் மூளையின் மேற்பரப்புத் தமனிகளில் படிந்து, அவற்றை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்கிவிடும். இந்தக் கசிவு ஆழத்தில் வராமல் மேற்பரப்புக்கு அருகே வரும். மீண்டும் வரும் வாய்ப்பும் அதிகம். இவை தவிர, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள், கல்லீரல் கெட்டுப்போதல், பிளேட்லெட் குறைவு, பிறவியிலேயே பின்னிக்கொண்ட ரத்தக்குழாய்கள், மூளைக்கட்டி, ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள்கள் என்று பட்டியல் நீளும்.

மொத்தப் பக்கவாத நோயாளிகளில் மேலை நாடுகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் ரத்தக்கசிவு. மற்றவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு. ஆசிய நாடுகளில் கசிவின் பங்கு இதைவிடக் கூடுதல். எண்ணிக்கையில் குறைவானாலும் உயிரிழப்பில் இதுதான் மோசமானது: பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறக்கிறார்கள்.

வீட்டில், முதல் நிமிடங்களில்

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் எது திடீரென்று வந்தாலும் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கடும் தலைவலி, வாந்தி, நிமிடத்துக்கு நிமிடம் கூடும் மயக்கம் இருந்தால் கசிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் வெளிக்குறிகளை மட்டும் வைத்து அடைப்பா கசிவா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள நரம்பியல் நிபுணருக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும்.

சிறுமூளைக் கசிவு மட்டும் ஏமாற்றும். கை கால் விழாது, பேச்சும் ஓரளவு தெளிவாக இருக்கும். தலைசுற்றல், ஓயாத வாந்தி, எழுந்து நின்றால் தள்ளாட்டம், அவ்வளவுதான். பித்தம் என்றும், காதுக் கோளாறு என்றும், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நினைத்து ஒரு ராத்திரியைக் கடத்திவிடுவார்கள். பிரஷர் உள்ளவருக்குத் திடீரென்று நடக்கவே முடியாத அளவு தள்ளாட்டம் வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். அறுவை சிகிச்சை உயிரைத் தெளிவாகக் காப்பாற்றும் வகை இதுதான் என்பதால் இந்தத் தாமதம் கூடுதலாக வலிக்கிறது.

செய்ய வேண்டியவை குறைவு. 108-ஐ அழையுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போகாது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மருத்துவமனை வாசலில் அந்தப் பைக்கு இருக்கும் மதிப்பு, பழைய ஃபைல் கட்டுக்குக்கூடக் கிடையாது.

செய்யக் கூடாதவை அதைவிட முக்கியம். தண்ணீர், சோடா, காபி எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் திறன் போயிருக்கலாம், நேராக நுரையீரலுக்குப் போகும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுத்த கதையைக் கேட்டுவிட்டு இங்கும் ஆஸ்பிரின் கொடுப்பது ஆபத்து. பிரஷர் 220 காட்டுகிறதே என்று நாக்குக்கு அடியில் மாத்திரையோ கேப்ஸ்யூலோ வைப்பதும் அப்படித்தான். சீனாவில் ஆம்புலன்ஸிலேயே பிரஷரைக் குறைத்துப் பார்த்த இன்டராக்ட்-4 ஆய்வு 2024-ல் வெளியானது. கசிவு நோயாளிகளுக்கு அது நன்மை செய்தது. அடைப்பு நோயாளிகளுக்குக் கெடுதல் செய்தது. ஸ்கேன் எடுக்கும்வரை இவர் எந்த வகை என்று தெரியாது என்பதால், வீட்டில் பிரஷரில் கை வைக்காதீர்கள்.

எந்த மருத்துவமனைக்கு? 24 மணி நேரமும் சி.டி. இயங்கும் இடத்துக்கு. ஸ்கேன் இல்லாத நர்ஸிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் படுக்க வைப்பது, பக்கத்தில் இருக்கிறது என்ற ஆறுதலைத் தவிர வேறெதையும் தராது.

ஸ்கேன் சொல்வது

புதிதாகக் கசிந்த ரத்தம் சி.டி.யில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். மருத்துவர் அதில் நான்கைப் பார்க்கிறார்: எங்கே, எவ்வளவு, மூளையின் உள்ளறைகளுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறதா, மூளை ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா.

அளவைக் கணக்கிட எளிய வழி உண்டு. ரத்தக்கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். 5 × 4 × 3 என்றால் 60. பாதி 30 மில்லி. இரண்டு மேசைக்கரண்டி அளவுதான். மண்டையோட்டுக்குள் விரிவதற்கு இடமில்லாததால் அந்த இரண்டு கரண்டியே ஒருவரைக் கோமாவில் தள்ளப் போதுமானது.

கூடவே சுயநினைவின் அளவைக் கிளாஸ்கோ மதிப்பெண்ணில் குறிப்பார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6; மொத்தம் 15, மிகக் குறைவு 3. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலோ மூச்சுக்குழாயைத் தானே காத்துக்கொள்ளும் திறன் போனாலோ செயற்கை சுவாசக் குழாய் போடுவார்கள். வென்டிலேட்டர் என்றதும் "முடிஞ்சுபோச்சு" என்று பொருள் கொள்ள வேண்டாம். மூச்சுப் பாதையைக் காக்கத்தான் பல நேரம் அதைப் போடுகிறார்கள்.

குடும்பத்தாருக்குப் புரியாமல் போவது ஒன்று உண்டு: முதல் ஸ்கேனில் தெரிவது கதையின் முடிவு அல்ல. சுமார் மூன்றில் ஒருவருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டி பெரிதாகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்தில். வரும்போது பேசிக்கொண்டிருந்தவர் இரவில் மயங்கிப்போவது பல நேரம் இதனால்தான். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ரத்தக்குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோவில் கட்டிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால், கசிவு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எச்சரிக்கையாகிவிடுவார்கள். மருந்து சிகிச்சையின் குறி இந்தப் பெருக்கத்தைத் தடுப்பதுதான். ஏற்கெனவே சேதமான மூளைத் திசுவைத் திருப்பித் தரும் மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது.

முதல் மணி நேரம்: பிரஷர்

2013-ல் வெளியான இன்டராக்ட்-2 ஆய்வில் 2,839 நோயாளிகள் இருந்தார்கள். மேல் அழுத்தத்தை (பிரஷரின் முதல் எண்) ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே கொண்டுவந்தவர்கள், 180 வரை விடப்பட்டவர்களைவிடச் செயல்திறனில், அதாவது தன் வேலையைத் தானே செய்துகொள்வதில், சற்று மேம்பட்டிருந்தார்கள். ஆய்வின் முதன்மைக் கணக்கில் அது நூலிழையில்தான் நழுவியது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த அட்டாக்-2 ஆய்வு இன்னும் கீழே இறக்கிப் பார்த்தது. கூடுதல் பலன் இல்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது.

இரண்டையும் சேர்த்துத்தான் இன்றைய நடைமுறை. மேல் அழுத்தம் 150-க்கும் 220-க்கும் இடையே இருப்பவருக்கு இலக்கு 140. 130 முதல் 150-க்குள் நிலைக்க வைக்க வேண்டும். 130-க்குக் கீழே வேண்டாம். நோய் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி, தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் இலக்கை எட்டுவது நல்லது. எண்ணைவிட ஏற்ற இறக்கமில்லாத ஓட்டம் முக்கியம்: காலையில் 110, மதியம் 190, இரவில் 120 என்று ஊஞ்சலாடினால் சராசரி அழகாக இருக்கும், மூளை கெட்டுப்போகும். ஆகவேதான் லேபட்டலால், நைகார்டிபின் போன்ற மருந்துகளை நரம்பு வழியாகப் பம்பில் ஓட விட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கிறார்கள். 220-ஐத் தாண்டியவர்கள், மிகப் பெரிய கட்டி உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் ஆகியோருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் போதாது. அங்கே மருத்துவரின் கணிப்புதான்.

என்னைக் கேட்டால், கடந்த பத்தாண்டின் மிக முக்கியமான ஆய்வு இன்டராக்ட்-3. 2023-ல் வெளியானது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வியட்நாம், நைஜீரியா உள்ளிட்ட பத்து நாடுகளில் 7,036 நோயாளிகள். புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. பிரஷரை ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையை, நீரிழிவு இல்லாதவருக்கு 110 முதல் 140, உள்ளவருக்கு 140 முதல் 180 என்று வைப்பது, காய்ச்சலை 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாமல் இருப்பது; ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டவருக்கு அதன் விளைவை உடனே முறிப்பது. நான்கையும் ஒன்றாக, வேகமாகச் செய்த மருத்துவமனைகளில் மரணமும் மோசமான ஊனமும் குறைந்தன. இவை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செய்யக்கூடியவை. பெரிய கருவி இல்லாததால் எதுவும் செய்ய முடியாது என்று சொல்லும் சாக்கு இதோடு போயிற்று.

மாத்திரைப் பையைத் திறக்கும் இடம்

இதய வால்வு மாற்றியவர்களும், இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்களும் சாப்பிடும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம், கசிவை நீண்ட நேரம் நிற்காமல் ஓடவிடும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை உடனே போக வேண்டும். வைட்டமின் கே 10 மில்லிகிராம் நரம்பு வழியாக மெதுவாகக் கொடுப்பார்கள்; ஆனால் அது வேலைசெய்யப் பல மணி நேரம் ஆகும். இடைவெளியை நிரப்ப, உறைதல் காரணிகளின் செறிவு மருந்தான பிசிசி தேவை. ஐஎன்ஆர் 2-க்கு மேல் என்றால் எடைக்குக் கிலோவுக்கு 25 முதல் 50 யூனிட். சில நிமிடங்களில் ஐஎன்ஆரை இறக்கும். விலை அதிகம். அது கிடைக்காத இடத்தில் உறைநிலைப் பிளாஸ்மா. அதை உருக்க நேரம் பிடிக்கும், நிறைய ஏற்ற வேண்டியிருக்கும், பலவீனமான இதயம் அந்த நீரைத் தாங்காமல் மூச்சுத் திணறலாம். இருந்தாலும் எதுவும் கொடுக்காமல் இருப்பதைவிட மேல்.

உறைதலைத் தடுக்கும் புதிய மாத்திரைகளில் டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற முறிவு மருந்து உண்டு, 5 கிராம். அபிக்சபான், ரிவரோக்சபான் சாப்பிடுபவர்களுக்கு நடைமுறையில் பெரும்பாலும் பிசிசிதான். கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை வீட்டார்தான் சொல்ல முடியும். உறைதலைத் தடுக்கும் ஊசியான ஹெப்பாரினுக்கு முறிவு மருந்து புரோட்டமின்.

ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்குப் பிளேட்லெட் ஏற்றினால் சரியாகிவிடும் என்று தோன்றும். 2016-ல் வெளியான பேட்ச் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது: ஏற்றியவர்களிடம்தான் மரணமும் ஊனமும் அதிகம். இப்போது அவசர அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமே அதைப் பற்றி யோசிக்கிறார்கள். ரத்தப்போக்கை நிறுத்தத் தரும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை 2,325 பேரிடம் சோதித்த டிச்-2 ஆய்வில் கட்டியின் வளர்ச்சி கொஞ்சம் குறைந்தது, மூன்று மாதம் கழித்து நோயாளியின் நிலையில் மாற்றமில்லை. "ரத்தம் நிக்கிற ஊசி" போடச் சொல்லி மருத்துவரை நெருக்குவதில் பயனில்லை.

ஐ.சி.யூ. நாள்கள்

தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தி வைப்பார்கள். கட்டியைச் சுற்றிய வீக்கம் முதல் இரண்டு மூன்று நாள்கள் வேகமாகவும், பிறகு மெதுவாக இரண்டாம் வாரம் வரையிலும் கூடும். மூன்றாம் நாள் நிலைமை இறங்கினால் புதிதாகக் கசிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வீக்கமாகவும் இருக்கலாம், உப்புச்சத்து குறைந்ததாகவும் இருக்கலாம், வெளியே தெரியாத வலிப்பாகவும் இருக்கலாம். அதற்குத்தான் மறுபடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி.

நம் ஊரில், மூளை வீக்கத்தைக் குறைக்க ஏற்றும் மேனிட்டால் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஸ்கேனில் ரத்தம் தெரிந்ததும் 100 மில்லி, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. மூளை அழுந்தி ஆபத்தில் இருப்பவரை அறுவை அரங்கு வரை கொண்டுசேர்க்க அது உதவும். அடர் உப்புநீரும் உதவும். எல்லோருக்கும் வழக்கமாக ஓட்டுவதற்கு ஆதாரம் இல்லை. லக்னோ மருத்துவர்கள் 128 நோயாளிகளிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்விலேயே பலன் தெரியவில்லை. ஸ்டீராய்டு அதைவிட மோசம்: 1987-ல் தாய்லாந்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சோதித்த ஆய்வு, தொற்று போன்ற சிக்கல்கள் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. வலிப்பு வந்தால் வலிப்பு மருந்து. வராதவருக்கு முன்கூட்டியே தர வேண்டியதில்லை.

உயிரைக் குடிப்பது பல நேரம் சின்ன விஷயங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் கஞ்சி கொடுத்தால் நிமோனியா. அதனால்தான் மூக்குவழிக் குழாய். அசையாத காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம் என்பதால், முதல் நாளிலிருந்தே காற்றழுத்தி அழுத்தி விடும் கால் உறை. இறுக்கமான சாக்ஸ் மட்டும் போதாது. கட்டி பெரிதாகவில்லை என்று உறுதியான பிறகு, ஓரிரு நாளில், குறைந்த அளவு ஹெப்பாரின். "மூளையில ரத்தக்கசிவு, இதுல ரத்தத்த நீர்க்க வைக்கிற ஊசியா?" என்று குடும்பத்தார் அதிர்ச்சியடைவது நியாயம்தான். ஆனால் அந்த அளவுக்கு அந்த நேரத்தில் கசிவு கூடுவதில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காத முதுகில் படுக்கைப்புண் வரும். இதெல்லாம் செவிலியர்களின் கையில்.

காரணத்தைத் தேடுதல்

எழுபது வயதுக்காரருக்கு, நெடுநாள் பிரஷர், பேசல் கேங்லியாவில் கசிவு என்றால் பெரிதாகத் தேட வேண்டியதில்லை. முப்பது வயதுக்காரர், பிரஷரே இல்லை, மேற்பரப்பில் கசிவு என்றால் ஆஞ்சியோ இல்லாமல் விடக் கூடாது. பொதுவாக, மேற்பரப்புக் கசிவு 70 வயதுக்குள், ஆழக்கசிவு 45 வயதுக்குள், அல்லது 45 முதல் 70-க்குள் பிரஷர் வரலாறே இல்லாதவர் என்றால் தமனிகளையும் சிரைகளையும் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். உள்ளறைகளுக்குள் மட்டும் ரத்தம் இருந்து வேறு காரணம் தெரியாவிட்டால், தொடை அல்லது கை வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் டிஎஸ்ஏ.

சிரைகளை ஏன் பார்க்க வேண்டும்? மூளையின் சிரை அடைத்துக்கொண்டு, பின்னால் தேங்கிய ரத்தம் திசுவுக்குள் கசிவது ஒரு தனி நோய். பிரசவமான சில வாரங்களில் உள்ள பெண்களிடம் இந்தியாவில் இதை அதிகம் பார்க்கிறோம். பல நாள் தலைவலி, பிறகு வலிப்பு, பிறகு கை கால் பலவீனம் என்று வருவார்கள். ஸ்கேனில் ரத்தம் தெரிந்தாலும் இங்கே சிகிச்சை ஹெப்பாரின்தான், முழு அளவில். இதைத் தவறவிட்டுச் சாதாரணக் கசிவாக நடத்தினால், எளிதில் பிழைக்க வேண்டிய இளம் தாயை இழப்போம்.

அறுவை சிகிச்சை: எங்கே உண்மையாக உதவுகிறது

சிறுமூளையில் தொடங்குவோம். அது இருக்கும் பின்மண்டைக் குழி சிறியது. முன்னால் மூச்சையும் இதயத்தையும் நடத்தும் மூளைத்தண்டு. கட்டி 15 மில்லியைத் தாண்டினாலோ, மூளைத்தண்டு அழுந்தினாலோ, மூளை நீர் வழி அடைபட்டாலோ, நோயாளி இறங்கிக்கொண்டிருந்தாலோ, பின்மண்டையைத் திறந்து கட்டியை எடுக்க வேண்டும். இதில் தாமதம் கூடாது. நீரை வடிக்க மட்டும் குழாய் போட்டு நிறுத்திக்கொள்வது போதாது. பேசிக்கொண்டே வந்தவர் ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றுபோகக்கூடிய இடம் இது. சரியான நேரத்தில் எடுத்துவிட்டால், நடக்கும் தள்ளாட்டத்தோடு வீட்டுக்குப் போய்த் தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்களும் உண்டு.

அடுத்தது, மூளையின் உள்ளறைகளில் ரத்தம் இறங்கி நீர் தேங்குவது. நெற்றிக்கு மேலே, மயிர்க்கோட்டுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, அறைக்குள் மெல்லிய குழாயை இறக்கி வெளியே வடிய விடுவார்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு இது உயிரைக் காக்கும். குழாய் வழியாக ஆல்டெப்லேஸ் என்ற கரைப்பு மருந்தை விட்டு ரத்தக்கட்டியைக் கரைத்துப் பார்த்த கிளியர்-3 ஆய்வில் இறப்பு 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஆனால் சுயமாக இயங்கும் நிலைக்குத் திரும்பியவர்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. பிழைப்பதும் எழுந்து நடப்பதும் வெவ்வேறு கணக்குகள். மேஜையில் உட்கார்ந்து பேசும்போது மருத்துவர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும், கேட்பவர்களும் பிரித்துக் கேட்க வேண்டும்.

பெருமூளையில்தான் நீண்ட சண்டை. 2005-ல் ஸ்டிச் ஆய்வு 27 நாடுகளில் 1,033 பேரை எடுத்துக்கொண்டது. முதலிலேயே அறுவை சிகிச்சை செய்தவர்களில் 26 சதவீதம் பேரும், மருந்தோடு காத்திருந்தவர்களில் 24 சதவீதம் பேரும் நல்ல நிலைக்கு வந்தார்கள், அதாவது வித்தியாசமில்லை. மேற்பரப்புக் கட்டிகளை மட்டும் பார்த்த ஸ்டிச்-2 (2013, 601 பேர்) ஆய்விலும் தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஏன்? ஆழத்திலுள்ள கட்டியை அடைய நல்ல மூளையை வெட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போகும் வழியில் செய்யும் சேதம், எடுக்கும் கட்டியின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

ஆகவே துளையைச் சிறிதாக்கப் பார்த்தார்கள். மிஸ்டி-3 ஆய்வில் (2019, 506 பேர்) சிறு துளை வழியாகக் குழாய் வைத்து, ஆல்டெப்லேஸ் விட்டுக் கட்டியை மெல்லக் கரைத்து வடித்தார்கள். மொத்தக் கணக்கில் செயல்திறன் மேம்படவில்லை. மிச்சக் கட்டி 15 மில்லி அல்லது அதற்குக் கீழே வந்தவர்களின் நிலை மட்டும் நன்றாக இருந்தது. 2024-ல் வெளியான என்ரிச் ஆய்வுதான் முதல் தெளிவான வெற்றி. 30 முதல் 80 மில்லி வரை கட்டி உள்ள 300 பேர். நோய் வந்த 24 மணி நேரத்துக்குள், மூளை மடிப்பின் இடுக்கு வழியாக, நரம்பிழைகளை வெட்டாமல் விலக்கிக்கொண்டு மெல்லிய குழல் வழியாகக் கட்டியை எடுத்தார்கள். ஒரு மாத இறப்பு 18 சதவீதத்திலிருந்து 9.3 ஆனது, ஆறு மாதச் செயல்திறனும் மேம்பட்டது. ஆனால் அந்த லாபம் முழுக்க மேற்பரப்புக் கட்டிகளில். ஆழக்கட்டிகளைச் சேர்ப்பதை ஆய்வின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொரு வழி, கட்டியைத் தொடாமல் மண்டையோட்டின் ஒரு பெரிய துண்டை மட்டும் எடுத்து, வீங்கும் மூளைக்கு இடம் விடுவது. ஐரோப்பிய நாடுகளில் பெரிய ஆழக்கட்டி உள்ள 201 பேரிடம் நடந்த ஸ்விட்ச் ஆய்வில் (2024) மரணமோ படுத்த படுக்கையோ ஆனவர்கள் 58 சதவீதத்திலிருந்து 44 ஆனார்கள். ஆய்வாளர்களே ஆதாரம் பலவீனம் என்கிறார்கள். எடுத்த எலும்பை நம் மருத்துவமனைகளில் வயிற்றுத் தோலுக்கு அடியிலோ உறைபெட்டியிலோ பத்திரப்படுத்தி, வீக்கம் வடிந்த பின் திரும்பப் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, தலையில் அடிபடாமல் காக்க வேண்டும்.

என் கணக்கு இப்படி. சிறுமூளை: பெரிதாக இருந்தால் உடனே எடு. மேற்பரப்பில் 30 மில்லிக்கு மேல், நோயாளி ஓரளவு சுயநினைவில், அனுபவமுள்ள குழு கையில்: சிறு துளை முறையைத் தீவிரமாக யோசி. கண்முன்னே இறங்கிக்கொண்டிருக்கும் பெரிய பெருமூளைக் கட்டி: உயிரைக் காக்கத் திற, ஊனம் மிஞ்சலாம் என்று முன்னரே சொல்லிவிட்டு. தலாமஸ், பான்ஸ்: கட்டியைத் தேடிக் கத்தி போகக் கூடாது. 10 மில்லி கட்டியோடு விழித்துப் பேசிக்கொண்டிருப்பவர்: மருந்து போதும்.

"பிழைப்பாரா?"

மூளைக் கசிவின் கடுமையை அளக்க ஐசிஎச் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. கிளாஸ்கோ 3–4 என்றால் 2, 5–12 என்றால் 1. கட்டி 30 மில்லி அல்லது மேல், உள்ளறை ரத்தம், மூளையின் கீழ்ப்பகுதியில் கசிவு, வயது 80 அல்லது மேல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1. 2001-ல் சான் பிரான்சிஸ்கோவில் 152 நோயாளிகளை வைத்து இதை உருவாக்கினார்கள். அந்தக் குழுவில் மதிப்பெண் 1-க்கு ஒரு மாத இறப்பு 13 சதவீதம், 2-க்கு 26, 3-க்கு 72, 4-க்கு 97.

நோயின் கடுமையைப் பேசிக்கொள்ள இது நல்ல மொழி. ஒரு தனி மனிதருக்குத் தீர்ப்பெழுத அல்ல. "எப்படியும் தேறமாட்டார்" என்று முதல் நாளே சிகிச்சையைத் தளர்த்தினால் அவர் தேறமாட்டார்தான். பிறகு எண்ணும் சரியென்று ஆகிவிடும். அதனால்தான், நோயாளி முன்பே தன் விருப்பத்தைச் சொல்லியிருந்தாலன்றி, குறைந்தது இரண்டாவது முழு நாள் வரையாவது முழுச் சிகிச்சையும் தர வேண்டும், கைவிடும் முடிவைத் தள்ளிப்போட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. செலவும் ஒரு காரணமாக வந்து நிற்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் மூளை நரம்பியல் அறுவைப் பிரிவு இருக்கிறது. இடம் மாற்றுவதென்றால் கிளம்பும் முன் அங்கே பேசிவிட்டு, பிரஷர் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுங்கள்.

வீடு திரும்பிய பின்

கசிவு நின்று நிலை திடமானதும் இயன்முறைப் பயிற்சி தொடங்கலாம். முதல் 24 மணி நேரத்திலேயே தூக்கி நிறுத்தி நடக்க வைக்கும் அவசரம் கெடுதல் என்று தெரிந்திருக்கிறது. கசிவு நோயாளிகள் தொடக்கத்தில் அடைப்பு நோயாளிகளைவிட மோசமாக இருந்தாலும், கட்டி கரையக் கரைய மாதக்கணக்கில் தேறுவார்கள். மூன்றாம் மாதம் கை அசையவில்லை என்று பயிற்சியை நிறுத்திவிட வேண்டாம். பேச்சே இல்லாமல், சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் மனச்சோர்வு, அதற்கும் சிகிச்சை உண்டு.

இனி வாழ்நாளுக்கும் இலக்கு 130/80-க்குக் கீழே. ஒரே மாத்திரையில் இது பெரும்பாலும் கிட்டாது. இரண்டு மூன்று சேர வேண்டியிருக்கும். "பிரஷர் நார்மலாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இரண்டாம் கசிவுக்கு நான் பார்க்கும் வழக்கமான பாதை. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படியேற முடியாதவருக்கு அதில் பதிவு செய்துவிடுங்கள். வீட்டில் ஒரு டிஜிட்டல் கருவி வாங்கி, மேல்கையில் கட்டி, உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்து எழுதி வையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே உப்பில் பெரும்பகுதி குறைந்துவிடும். மதுவும் புகையும் போக வேண்டும். வலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தானாக வாங்கிப் போட வேண்டாம். பிரஷரையும் ஏற்றும், கசிவையும் தூண்டும்.

நிறுத்திய ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மீண்டும் தொடங்கலாமா? செயற்கை வால்வு உள்ளவருக்குக் கட்டாயம் தொடங்க வேண்டும், எப்போது என்பதுதான் கேள்வி. அதை இதய நிபுணரும் நரம்பியல் நிபுணரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தாறுமாறான இதயத்துடிப்பு உள்ளவருக்குப் பல இடங்களில் ஏழெட்டு வாரம் கழித்து யோசிக்கிறார்கள். அமிலாய்டு காரணமான மேற்பரப்புக் கசிவு என்றால் இன்னும் தயக்கம். இதயத்தின் இடது மேலறையில் உள்ள சிறு பையை அடைத்துவிடும் கருவி அங்கே ஒரு மாற்று. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் விஷயம் கொஞ்சம் எளிது: 537 பேரிடம் நடந்த ரீஸ்டார்ட் ஆய்வில் (2019), மீண்டும் தொடங்கியவர்களிடம் கசிவு கூடவில்லை.

முதலில் காரணம் தெரியாமல் போனவர்கள், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு எம்.ஆர்.ஐ.யும் தேவைப்பட்டால் ஆஞ்சியோவும் மறுபடி எடுக்க வேண்டும். கசிந்த ரத்தத்தின் நிழலில் மறைந்திருந்த சிறிய மூளைக்கட்டியோ பின்னிய ரத்தக்குழாயோ அப்போதுதான் தெரியவரும். "இப்ப நல்லாத்தானே இருக்காங்க" என்று அந்த ஸ்கேனை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் அட்டையில் அந்தத் தேதியை மருத்துவர் எழுதித் தராவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.